அப்பா கட்டியது, பிள்ளை கட்டியது, பேரன் விட்டது

விஜயபுரா, கர்நாடகம்

தஞ்சாவூர் நண்பருக்கு,

2014இல் அரசாங்கம் விஜயபுரா என்று பெயர் மாற்றியும், ஆட்டோக்காரர் வாயில் இது இன்னும் பிஜாப்பூர்தான். 1490 முதல் 1686 வரை ஆதில் ஷா சுல்தான்கள் ஆண்ட தலைநகரம். அவர்கள் வாழ்ந்த அரண்மனைகளில் பல இடிந்து கிடக்கின்றன. செத்த பிறகு குடிபோகக் கட்டிக்கொண்டவைதான் கம்பீரமாக நிற்கின்றன. அதிலும் அப்பா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறையின் சமாதிகளைப் பார்த்தால் போதும், இந்த வம்சம் ஏறியதும் இறங்கியதும் விளங்கிவிடும்.

ரயிலில் வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது மகனின் சமாதியான கோல் கும்பஸின் கூரைதான். ஸ்டேஷனிலிருந்து நேராக அங்கேதான் போகிறார்கள். வரிசைப்படி பார்க்க ஆசைப்பட்டால் ஊரின் மறுகோடிக்கு, மேற்குக் கோட்டைச் சுவருக்கு வெளியே இருக்கும் இப்ராஹிம் ரௌஸாவுக்குப் போக வேண்டும். அப்பா அங்கே இருக்கிறார்.

இரண்டாம் இப்ராஹிம் ஆதில் ஷா (1580–1627) வாள் பிடித்ததைவிடத் தம்புரா பிடித்ததற்காக நினைக்கப்படுகிறவர். அந்தத் தம்புராவுக்கு மோத்தி கான் என்று பெயர் வைத்து, மனிதரைக் கொண்டாடுவதுபோல் கொண்டாடினார். தக்கனி மொழியில் அவர் இயற்றிய பாடல் தொகுப்பு ‘கிதாப்-எ-நௌரஸ்’. அதில் சரஸ்வதிக்கும் கணபதிக்கும் வணக்கம் உண்டு. ஜனங்கள் அவரை ‘ஜகத்குரு’ என்று அழைத்தார்கள். முதலில் ராணி தாஜ் சுல்தானாவுக்கென்று தொடங்கிய சமாதியிலேயே அவரும் அடங்கியிருக்கிறார்.

ஒரே மேடை, ஒருபுறம் சமாதி, எதிரே மசூதி, நடுவில் நீர்த்தொட்டி. கட்டியவர் மாலிக் சந்தல். இவர் பெயரைச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றி எழுதக் கூடாது. ஊருக்குள் இருக்கும் தாஜ் பாவ்டி என்ற பெரிய குளக்கிணறும் இவர் கைவேலைதான். சமாதியின் வெளிச்சுவர் முழுக்க எழுத்தும் கொடியும் பூவுமாகச் செதுக்கல். ஜன்னல்களில் கம்பிக்குப் பதில் அரபி எழுத்துகள்! கல்லைக் குடைந்து எழுத்தை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள். அந்த இடைவெளிகளின் வழியே உள்ளே வெளிச்சம் விழுகிறது. அறைக்குள் போய் அண்ணாந்து பார்த்தால் கூரை தட்டையான கற்பலகை. தாங்கத் தூண் இல்லை, உத்தரம் இல்லை. சுண்ணாம்புக் காரையின் பிடிப்பை நம்பியே நிற்கும் கூரை. நானூறு வருஷமாக ஒன்றும் விழவில்லை.

இவ்வளவு நுணுக்கமாக அப்பா கட்டிவிட்டால் பிள்ளை என்ன செய்வான்? நுணுக்கத்தில் ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் முகமது ஆதில் ஷா (1627–1656) அளவில் ஜெயிக்கப் பார்த்தார் என்று வரலாற்றுக்காரர்கள் சொல்வதுண்டு. கோல் கும்பஸைப் பார்த்தால் அதை மறுக்கத் தோன்றவில்லை. வெளியே செதுக்கல் சொற்பம். நான்கு பக்கமும் மொட்டைச் சுவர், மூலைக்கொன்றாக ஏழு அடுக்கு எண்கோண கோபுரம், மேலே அந்த ராட்சச அரைக்கோளம்.

ஆனால் உள்ளே போனதும் வாயடைத்துப் போகிறது. கூரையின் உள் விட்டம் ஏறக்குறைய 38 மீட்டர். கீழே ஒரு தூண்கூட கிடையாது. சதுர அறைமேல் வட்டக் கூரையை எப்படி உட்கார வைத்தார்கள்? ஒன்றன்மேல் ஒன்று திருப்பிப் போட்ட இரண்டு சதுரங்களைப் போல எட்டு வளைவுகளை ஒன்றையொன்று வெட்டிப் போகும்படி கட்டினார்கள். மேலே போகப் போக அவை உட்புறம் சாய்ந்து, சதுரத்தைக் குறுக்கி வட்டமாக்குகின்றன. கூரையின் பாரம் சுவர்களை வெளியே தள்ளப் பார்க்கும். உட்புறம் தொங்கும் இந்த வளைவுகளின் எடை அந்தத் தள்ளலை மட்டுப்படுத்துகிறது. கணக்குத் தெரிந்த கொத்தனார்கள்.

கூரையின் அடியில் சுற்றிவர இருக்கும் மாடம்தான் புகழ்பெற்ற எதிரொலி மாடம். ஒரு பக்கச் சுவரில் வாய் வைத்துக் கிசுகிசுத்தால் எதிர்ப் பக்கத்தில் காது வைத்தவருக்குக் கேட்கும். ஒருமுறை கைதட்டினால் பலமுறை திரும்பி வரும். இதையெல்லாம் நம்பித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கோபுரத்தின் குறுகலான படிகளில் மூச்சிரைக்க ஏறி வந்தால், பள்ளிக்கூடச் சுற்றுலாப் பிள்ளைகள் மொத்தமாக நின்று ‘ஓ’வென்று கத்திக்கொண்டிருக்கிறார்கள், கட்டடமும் விடாமல் பதிலுக்குக் கத்துகிறது. கிசுகிசுப்பைச் சோதிக்க வேண்டுமானால் காலையில் கதவு திறந்ததும் ஏறிவிட வேண்டும். கீழே மேடையில் தெரிபவை அடையாளக் கல்லறைகள். முகமதுவும், மனைவியரும், ஆசைநாயகி ரம்பாவும் அதற்கும் கீழே நிலவறையில் இருக்கிறார்கள்.

பேரன் இரண்டாம் அலி, தாத்தாவையும் அப்பாவையும் ஒரே மூச்சில் மிஞ்ச நினைத்தார். மிச்சம் இருப்பது பாரா கமான்: கூரையில்லாமல் வானத்தைப் பார்த்து நிற்கும் கருங்கல் வளைவுகள். இதன் நிழல் கோல் கும்பஸ்மேல் விழும் என்பதால் வேலையை நிறுத்திவிட்டார்கள் என்று ஊரில் ஒரு கதை. இரண்டுக்கும் நடுவே பாதி ஊர் கிடக்கிறது, கதையை நம்புவது கடினம். நிஜமான நெருக்கடி வேறு: ஒரு பக்கம் மொகலாயர், இன்னொரு பக்கம் சிவாஜி. அலி 1672இல் கண்மூடினார். பட்டத்துக்கு வந்த சிக்கந்தர் சின்னப் பிள்ளை. 1686இல் ஔரங்கசீப்பிடம் ஊரையே ஒப்படைத்தார்.

கோட்டைக் கொத்தளத்தில் மாலிக்-இ-மைதான் பீரங்கி இருக்கிறது. 1549இல் அகமத்நகரில் வார்த்தது, 55 டன், வாய்ப்பக்கம் யானையை விழுங்கும் சிங்க முகம். 1854இல் வெள்ளைக்கார சர்க்கார் இதை ஏலம் போட்டது. கேட்ட விலை 150 ரூபாய்! பிறகு யாருக்கோ மனம் வந்து விற்பனையை ரத்து செய்தார்கள். இப்போது ஜனங்கள் அதைத் தொட்டு வேண்டிக்கொள்கிறார்கள்.

ஆட்டோ போகிற வழியில், சந்து முனைகளில், சதுரமான சின்னக் கல் கோபுரங்கள் தட்டுப்படும். பலகை இல்லை, டிக்கெட் இல்லை. முகமதுவே 1651இல் வெட்டிய பேகம் தலாப் ஏரியிலிருந்து மண்குழாயில் ஊருக்குத் தண்ணீர் வந்த காலத்தில், அழுத்தத்தைக் குறைத்துக் குழாய் வெடிக்காமல் காத்தவை இவை. கோல் கும்பஸுக்குச் சமமாக இவற்றையும் அவர் கணக்கில் சேர்க்கலாம். ஊர் குடித்தது இதனால்தானே.

உங்கள் ஊருக்கும் இங்கே ஒரு முடிச்சு உண்டு. சிவாஜியின் அப்பா ஷாஜியும், ஷாஜியின் இன்னொரு பிள்ளை ஏகோஜியும் பிஜாப்பூர் தர்பாரின் தளபதிகள். மதுரைக்காரர்கள் கையிலிருந்து தஞ்சாவூரை மீட்டு நாயக்க வாரிசுக்குக் கொடுக்கச் சொல்லி ஏகோஜியை அனுப்பியது இந்தத் தர்பார்தான். அவர் மீட்டார், பிறகு தாமே வைத்துக்கொண்டார். நீங்கள் தினமும் கடந்துபோகும் அரண்மனையில் மராத்தியர் வந்து உட்கார்ந்த கதை அப்படி.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை: சோள ரொட்டி, எண்ணெயில் வதங்கிய கத்தரிக்காய், நிலக்கடலைப் பொடி, தயிர். காரம் கொஞ்சம் தூக்கல். நாளைக் காலை பாதாமிக்குப் பஸ்.

அன்புடன்,
உங்கள் பயணி