கல்வெட்டில் தேடும் பெயர்

வானொலியில் ஒரு பாட்டைப் போடும்போது பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என மூவர் பெயரையும் சொல்வது எங்கள் வழக்கம். அந்தப் பழக்கமோ என்னவோ, நல்ல கட்டடத்தைப் பார்த்தால் கட்டியவர் யார் என்று கேட்கத் தோன்றுகிறது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கோயிலுக்குப் போனால் கல்வெட்டை நின்று படிப்பேன். திறந்து வைத்த பிரமுகர் பெயர் பெரிதாக இருக்கும். நன்கொடையாளர் பெயர்களும் வரிசையாக இருக்கும். ஸ்தபதியின் பெயரைத்தான் பல இடங்களில் தேட வேண்டியிருக்கிறது.

கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் திருவள்ளுவர் சிலையை நம் எல்லாருக்கும் தெரியும். அதை உருவாக்கிய வை. கணபதி ஸ்தபதியை எத்தனை பேருக்குத் தெரியும்?

1927-ல் பிள்ளையார்பட்டியில், பரம்பரையாகக் கோயில் கட்டும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தந்தை வைத்தியநாத ஸ்தபதியிடம் உளி பிடிக்கக் கற்றார். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் படித்துப் பட்டமும் பெற்றார். பிறகு மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியின் பொறுப்பு தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. ஏறத்தாழ 27 ஆண்டுகள் அதை நடத்தி, வீட்டுக்குள் தந்தை மகனுக்குச் சொல்லித் தந்த கலையைப் பாடத்திட்டமாக வகுப்பறைக்குக் கொண்டு வந்தார். என்னைக் கேட்டால், அவர் எழுப்பிய சிலைகளைவிட இதுவே பெரிய வேலை.

சென்னை வள்ளுவர் கோட்டத்துக் கல்தேர் அவர் கைவண்ணம். 1976-ல் அது திறக்கப்பட்டது. அடுத்து வந்தது குமரிச் சிலை. 1979-ல் அடிக்கல் நாட்டியும், சிலை வேலை 1990-ல்தான் தொடங்கியது. 2000 ஜனவரி 1 அன்று திறப்பு விழா. மொத்த உயரம் 133 அடி, குறளின் 133 அதிகாரங்களுக்கு. பீடம் 38 அடி, அறத்துப்பால் அதிகாரங்களின் எண்ணிக்கை. அதன்மேல் நிற்கும் சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்த கணக்கு. அறத்தின் மேல்தான் மற்ற இரண்டும் நிற்கும் என்பதைக் கல்லிலேயே சொல்லிவிட்டார். கணிதம் படித்த சிற்பி அல்லவா! 2004 டிசம்பரில் சுனாமி வந்து மோதியபோதும் சிலை அசையவில்லை.

ஹவாய்த் தீவான கவாயில் இருக்கும் இறைவன் கோயிலும் அவர் வடிவமைத்ததே. பெங்களூரு அருகே கையாலேயே செதுக்கிய கருங்கற்களைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். 2009-ல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 2011-ல் மறைந்தார். கவாய்க் கோயிலின் குடமுழுக்கு 2023-ல்தான் நடந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். பத்துமலை முருகன் 140 அடி. 2006-ல் திறக்கப்பட்ட அந்தச் சிலை முன்னால் படம் எடுக்காத மலேசியத் தமிழர் குறைவு. தமிழ்நாட்டுச் சிற்பி தியாகராஜனும் அவர் குழுவினரும் செய்தது என்று நம் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோமா?

கிள்ளானில் இருக்கும் என் அக்கா மகள் ஐந்தாம் படிவம் படிக்கிறாள். வரைவதில் கெட்டிக்காரி, கூடுதல் கணிதமும் நன்றாக வரும். டாக்டர், வக்கீல் என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது, "மாமா, கோயில் கட்டுறதுக்கு எங்க படிக்கணும்?" என்று கேட்டாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமல்லபுரத்தில் இதற்கு இன்றும் பட்டப்படிப்பு இருக்கிறது என்றேன். அவள் கைப்பேசியில் தேட ஆரம்பித்தாள்.

நம் கோயில் திருப்பணிக்குப் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்துதான் சிற்பிகள் வருகிறார்கள்; வேலை முடிந்ததும் திரும்பிவிடுகிறார்கள். பெயரும் அவர்களோடு போய்விட்டால், இப்படி ஒரு தொழில் இருப்பதே பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியாத தொழிலுக்கு யார் ஆசைப்படுவார்கள்?

கோயில் நிர்வாகத்தில் இருக்கும் அன்பர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த குடமுழுக்குக் கல்வெட்டில் ஸ்தபதிக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். ஊரையும் சேர்த்துப் போடுங்கள். படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை அங்கே வந்து நிற்கும்.