பழம்பெயரில் ஒலித்த புதிய இசை

லூற் என்னும் ஐரோப்பிய நரம்புக்கருவி 18 ஆம் நூற்றாண்டின் பிற்கூற்றில் வழக்கிழந்தது. (இதனை யாழ் என மொழிபெயர்ப்பது பொருந்தாது. யாழில் நரம்புக்கொரு சுரம். லூற்றிலோ, வீணையிற்போல, மெட்டுக்களின்மீது விரல் பதித்தே சுரங்கள் பெறப்படும்.) 20 ஆம் நூற்றாண்டில் அதனை மீண்டும் கையிலெடுத்தோர் பெரும்பாலும் பழஞ்சுவடிகளையே நாடினர். ஆகவே அக்கருவிக்கு ஒருவர் புதிதாக இயற்றலாம் என்பதை இரசிகர் எளிதில் ஏற்பதில்லை. இம்மனப்பாங்கின் விலையை விளாதிமிர் வவீலோவ் செலுத்தினார்.

வவீலோவ் லெனின்கிராட்டில் வாழ்ந்த கிற்றார், லூற் கலைஞர். 1970 இல் சோவியத் மெலோடியா நிறுவனம் அவர் வாசித்த இசைத்தட்டொன்றை 16 ஆம், 17 ஆம் நூற்றாண்டுகளின் லூற் இசை என வெளியிட்டது. அதிலுள்ள உருப்படிகளிற் பெரும்பாலானவை அவரே இயற்றியவை. ஆயினும் உறையில் இருந்தவை பழையோர் பெயர்கள். 'கன்சோனா' என்னும் சிறு உருப்படி, 1543 இல் இறந்த பிரான்செஸ்கோ டா மிலானோவின் ஆக்கமாகவே பரவியது. அவ்விசைக்கு 1972 இல் ஆன்ரி வொலகோன்ஸ்கி பாடல் எழுதினார். 1987 இல் 'அஸ்ஸா' திரைப்படத்தின்வழி அது பெரும்புகழ் பெற்றது. வவீலோவ் 1973 இலேயே மறைந்துவிட்டார். பெயரறியாதாரது ஆக்கமாக அவர் வெளியிட்ட 'ஆவே மரியா'வோ, 1618 இல் இறந்த கச்சீனியின் பெயரில் இன்றும் மேடைகளில் ஒலிக்கின்றது.

இதனை மோசடி என்று கடிந்தொதுக்குதல் எளிது. ஆனால் ஏமாற்றியவர் ஒருவரெனின், ஏமாற விரும்பியோர் பலர். மிலானோவின் இசையில் ஒரு குரல் தொடங்க மற்றொன்று அதனைப் பின்பற்றிப் பின்னிச் செல்லும். கன்சோனாவிலோ, திரும்பத் திரும்ப வரும் சுரச்சிதறல்களின்மேல் ஒரேயொரு இன்னிசை மிதக்கின்றது. ரஷ்யக் கிற்றார்ப் பாடல்களின் இயல்பு அது. செவியை நம்பியிருந்தால் அன்றே ஐயுற்றிருக்கலாம்.

பழமையோடு உறவாட வேறு வழியும் உண்டு. ஆங்கில இசைஞர் பெஞ்சமின் பிரிற்றன் 1963 இல் எழுதிய 'நொக்டேர்னல்', ஜோன் டௌலண்ட் 1597 இல் வெளியிட்ட லூற் பாடலொன்றிலிருந்து பிறந்தது. முதலில் மாறுபாடுகளே வருகின்றன. மூலப்பாடல் இறுதியிலேதான் வெளிப்படுகின்றது. கடன் மறைக்கப்படவில்லை. எனினும் அது கிற்றாருக்கு எழுதப்பட்டது. அதனை முதலில் வாசித்த ஜூலியன் பிறீம் தேர்ந்த லூற் கலைஞராக இருந்தும், லூற்றுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

லூற்றுக்கு எழுதுவதும் இலகுவன்று. நரம்புகள் பெரும்பாலும் இரட்டையாகக் கட்டப்பட்டவை, இழுவிசை குறைந்தவை. நகம் படாது விரற்சதையால் மீட்டவேண்டும். நகத்தால் மீட்டினால் இரட்டை நரம்புகள் இணைந்தொலியாது கரகரக்கும். எழுந்த ஒலியும் விரைவிலே தேய்ந்துவிடும். நீண்ட சுரத்தை நம்பி எழுதுபவர் தோற்பார். தேய்வையும் மௌனத்தையும் கணக்கிலெடுப்பவரே வெல்வார்.

கன்சோனாவை இயற்றியவர் இன்னாரென அறிந்து வாசிக்கும்போது வாசிப்பே மாறுகின்றது. மிலானோ காலத்து அணிகளை அதன்மீது ஏற்றத் தேவையில்லை. மேற்குரலைப் பாடகரைப்போல் சற்றுத் தாமதிக்கவிடலாம். சுரச்சிதறல்களை அடக்கி வாசிக்கலாம். நிகழ்ச்சிநிரலில் 'வவீலோவ், 1970' என்று அச்சிடவும் வேண்டும்.