கச்சான் காலத்துக் கொழுந்து

பதுளையிலிருந்து பசறைப் பாதையில் ஏறினால் நமுனுகுல மலை கூடவே வரும். அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றின் கொழுந்து மலைக்கு ஓகஸ்ட் மாதக் காலையில் போயிருந்தேன். கச்சான் காற்று உதட்டை வெடிக்க வைத்தது. தென்மேல் பருவக்காற்று மத்திய மலையின் மேற்கே மழையைக் கொட்டிவிட்டு, பதுளை இருக்கும் ஊவாப் பக்கம் வறண்ட கச்சானாய் இறங்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கொழுந்து மெல்ல வளர்ந்து வாசம் பிடிக்கும். ஊவாத் தேயிலைக்கு உலகத்தில் பேர் வாங்கித் தந்தது இந்த வாசம்தான். கொழும்பு ஏலத்தில் விலை ஏறும். கூடையில் நிறை ஏறாது.

இடுப்பில் படங்கு கட்டிய அக்கா ஒருவர் நிரையில் நின்றார். மட்டக்கம்பைச் செடியின் மேல் கிடத்தி, அதற்கு மேலே நிற்பதை மட்டும் எடுத்தார். இரண்டு இலையும் ஓர் அரும்பும். பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்துச் சட்டென்று முறிக்க வேண்டும். இழுத்தால் செடி கெடும். இரண்டு கையும் தனித்தனியாக ஓடின. பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலால் கூடைக்குப் போனது. இவ்வளவுக்கும் அவர் பார்த்தது என் முகத்தை. கலியாணம் முடித்தாயிற்றா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

2022 எப்படிப் போனது என்று கேட்டேன். அதற்கு முந்தைய வருடம் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்ததில் செடி வாடிக் கொழுந்து குறைந்திருந்தது. பிறகு நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்றது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளக்காரர் வீட்டில், ரொட்டி தட்டுகிற கோதுமை மா கிலோ 400 ரூபாயைத் தொட்டது.

“என்னா செய்யிறது தம்பி? மா இல்லாட்டி மரவள்ளி. ஆனா கொழுந்து நிக்குமா? நாள் தவறுனா முத்திரும்ல.”

அவ்வளவுதான் சொன்னார். விடியுமுன் அடுப்பு, பிறகு வேலை பிரிக்கும் பெரட்டு, மலை, நிறுவை, லய வீட்டுக்குப் பின்னாலுள்ள கீரைப் பாத்திக்குத் தண்ணீர். விலைவாசி தலைகீழாய்ப் போன மாதங்களிலும் இந்த வரிசை மாறவில்லை. மறுநாள் செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்திருந்ததே அந்த வீட்டுக்குப் பிடிமானமாய் இருந்தது. இதைப் பொறுமை என்று புகழ்ந்துவிட்டுப் போகிறவர்கள் மாலை நிறுவையிலும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். தண்ணீருக்கு, கூடைக்கு என்று கழிவு போனபின் எஞ்சுவதுதான் கணக்கு. குறித்த கிலோ வராவிட்டால் அன்றைக்கு அரைப் பேர், அதாவது அரை நாட்சம்பளம்தான்.

2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் முழுப் பேர் கிடைத்தால்தானே அந்தக் காசு கைக்கு வரும்? கச்சான் வீசும் மாதங்களில் ஏலத்தில் விலையை ஏற்றுகிற அதே வறட்சிதான் கொழுந்து பறிப்பவர்களின் கிலோவைத் தின்கிறது. அடுத்த சம்பளப் பேச்சில் உட்காரும் தொழிற்சங்கங்கள், அந்த மூன்று மாதத்துக்கும் கிலோக் கணக்கைக் குறைக்கச் சொல்லி முதலில் கேட்க வேண்டும்.