கேட்பவன் ஒருவன் இருக்கின்றான்

நம் இல்லங்களில் அன்றாடம் வழங்கும் சொற்களுள் ஒன்று, "அல்லாஹ் கேட்பான்" என்பது. பாகப் பிரிவினையில் பங்கு மறுக்கப்பட்ட சகோதரி அதைச் சொல்கின்றாள். பாடுபட்டும் கூலி பெறாத உழைப்பாளி சொல்கின்றான். வீண் பழி சுமந்தவர் சொல்கின்றார். தமிழில் கேட்டல் என்பதற்குச் செவியேற்றல் என்றும் பொருளுண்டு. விசாரித்தல் என்றும் பொருளுண்டு. முறையீட்டைச் செவியேற்பவன் எவனோ, அவனே விசாரணையும் நடத்துவான் என்னும் பேருண்மையை நம் வீட்டு மூதாட்டியர் இரண்டே சொற்களில் அடக்கிவிட்டனர். ஆயினும் நாம் முதற்பொருளை நினைவில் வைத்து, இரண்டாவதை மறந்துவிடுகின்றோம். விசாரணை என்று வந்துவிட்டால் அது எதிரியோடு நிற்பதில்லை. முறையிட்டவரையும் அது தொடும்.

அநீதிக்கு ஆளானவரின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை கிடையாது என்னும் கருத்துடைய நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. அதை அறியாதார் நம்மில் இலர். அது யாரிடம் சொல்லப்பட்டது என்பதைத்தான் எண்ணிப் பார்ப்பதில்லை. முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு அனுப்பும்போது நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கூறினார்கள். ஸகாத் வசூலிக்கும் அதிகாரத்தோடு சென்றவர் அவர். மக்களின் உடைமைகளில் உயர்ந்தவற்றையே பொறுக்கி எடுத்துவிடலாகாது என்று எச்சரித்ததை அடுத்தே இதையும் அருளினார்கள். துன்புற்றோரின் கண்ணீருக்குச் செல்வத்தை அழிக்கும் ஆற்றல் உண்டென்று வள்ளுவர் கூறுவதும் அரசனை நோக்கிய 'கொடுங்கோன்மை' அதிகாரத்திலேதான். ஆக, அழுகின்றவருக்கு ஆறுதலாக இருக்கும் இவ்வுண்மை, அதிகாரம் உடையவருக்கே முதற்கண் எச்சரிக்கையாகும்.

அவ்வாறாயின் அநீதியிழைத்தவனுக்கு எதிராகக் கையேந்தலாகாதா? ஏந்தலாம். தீய சொல்லை உரத்துப் பேசுவதை விரும்பாத அல்லாஹ், அநீதிக்கு ஆளானவருக்கு அதில் விலக்களித்திருப்பதைத் திருமறையின் 'அந்நிஸா' அத்தியாயத்தில் காண்கின்றோம். ஹிஜ்ரி 4ஆம் ஆண்டில் (கி.பி. 625), மார்க்கம் போதிக்கச் சென்ற எழுபது தோழர்கள் பிஃரு மஊனாவில் வஞ்சகமாகக் கொல்லப்பட்டபோது, அக்கொடுமை இழைத்த குலத்தாருக்கு எதிராக நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு மாத காலம் தொழுகையில் குனூத் ஓதினார்கள். ஆதலின் வயிறெரிந்து அழுபவரைப் பார்த்து, "சபூர் செய்யுங்கள், பதுவா கேட்காதீர்கள்" என்று வாய் நோகாமல் உபதேசிப்பது அறமன்று.

ஆனால் அக்கையை எப்படி ஏந்துவது என்பதற்கு நம்மிடம் இரு பெரும் முன்மாதிரிகள் உள்ளன. சுவனத்து நன்மாராயம் பெற்ற பதின்மருள் ஒருவரான ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் கூஃபாவின் ஆளுநராக இருந்தபோது, பள்ளிவாசலில் ஒருவர் எழுந்து, இவர் படையோடு செல்வதில்லை, சமமாகப் பங்கிடுவதில்லை, நீதியாகத் தீர்ப்பளிப்பதில்லை என்று மூன்று பழிகளைச் சுமத்தினார். ஸஃது அவர்களும் மூன்றையே கேட்டார்கள்: நீண்ட ஆயுள், நீண்ட வறுமை, சோதனைகள். ஆனால் அவர் பொய்யராயின், பகட்டுக்காகவே எழுந்து நின்றவராயின் என்னும் நிபந்தனையை முன்வைத்துவிட்டே கேட்டார்கள்.

அப்பதின்மருள் மற்றொருவரான ஸயீத் இப்னு ஸைத் (ரலி) அவர்கள்மீது, தம் நிலத்தை அபகரித்ததாக அர்வா என்னும் பெண்மணி மதீனாவின் ஆளுநர் மர்வானிடம் வழக்குரைத்தார். பிறர் நிலத்தில் ஒரு சாண் அபகரித்தாலும் மறுமையில் அது ஏழு பூமிகளாகக் கழுத்தில் மாட்டப்படும் என்று நாயகத்திடம் கேட்டறிந்த பின்பா நான் அவ்வாறு செய்வேன் என்று கூறி, நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள் ஸயீத் (ரலி). பின்னர், இவள் பொய்யுரைப்பவளாயின் இவள் பார்வையைப் பறித்து, அந்நிலத்திலேயே மரணத்தைக் கொடு என்று இறைஞ்சினார்கள். அங்கும் அதே 'ஆயின்'. இரு துஆக்களும் பலித்தன என்பதையே நாம் வியந்து பேசுகின்றோம். அவற்றின் தலைவாயிலில் நிற்கும் இச்சிறு சொல்லைக் கவனிப்பதில்லை. தீர்ப்பைத் தாமே எழுதாமல், தீர்ப்புக்குரியவனிடம் வழக்கை ஒப்படைத்த சொல் அது.

இச்சொல்லின் அருமையை வாழ்வில் உணரும் வாய்ப்பு நமக்கும் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய மதரஸாவின் நிர்வாகத்திற்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. ஏழை மாணவரின் உணவுக்காகத் திரட்டிய ஸகாத் பணத்தில் நாம் கைவைத்துவிட்டதாக அதில் எழுதியிருந்தது. கணக்குகளைப் பார்த்து, ஒரு காசும் குறையவில்லை என்று எழுதித் தர மூன்று மாதங்கள் ஆயின. அதுவரை இமாமாக முன்நின்ற ஒவ்வொரு வேளையும், பின்நிற்போர் மனத்தில் என்ன ஓடுகின்றதோ என்னும் எண்ணம் முதுகைச் சுட்டது.

எழுதியவர் இன்னார்தாம் என்று ஊரார் ஒரு பெயரைச் சொன்னார்கள். "பெயரைச் சொல்லியே கேளுங்கள்" என்றார் நம் இல்லாள். தஹஜ்ஜுத் வேளையில் கையேந்தியபோது அப்பெயர் நாவின் நுனிவரை வந்தது. எதிரியை நேருக்கு நேர் கண்டவர்களே நிபந்தனையிட்டுக் கேட்டிருக்க, செவிவழி வந்த ஒரு பெயரை வைத்துக்கொண்டு நாம் எவ்வாறு கேட்பது? யா அல்லாஹ், எழுதியவரை நீ அறிவாய். பொய்யென்று அறிந்தே அவர் எழுதியிருப்பாராயின் அப்பொய்யை உடைத்து எம் மானத்தை மீட்டுத் தா என்று மட்டும் கேட்டோம்.

எழுதியவர் யார் என்பது இன்றுவரை தெரியாது. ஊரார் பெயர் சொன்ன அம்மனிதரின் பேரன் மறு ஆண்டு நம்மிடமே ஓத வந்தான். அவன் வீடு நாசமாக வேண்டும் என்று அழுது கேட்டிருந்தால், எந்த முகத்தோடு அப்பிள்ளைக்குப் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கொடுத்திருப்போம்? ஒரு பொருளை அதற்குரியதல்லாத இடத்தில் வைப்பதே 'ளுல்ம்' என்று அரபு மொழியறிஞர் விளக்குவர். குற்றமற்றவர் தலையில் வைக்கப்படும் பதுவாவும் இடம் மாறி வைக்கப்பட்டதே.

குற்றவாளி இன்னாரென்று உறுதியாகத் தெரிந்தால் என்ன செய்வது? அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொருள் களவு போனபோது, அவர்கள் திருடியவனைச் சபிக்கலானார்கள். அவன் சுமையை நீ இலேசாக்கிவிடாதே என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூதில் காண்கின்றோம். சபிக்கும் ஒவ்வொரு சொல்லும் வரவேண்டிய கடனில் ஒரு பகுதியை வசூலித்துக் கொள்வதாகும். மன்னித்துச் சமாதானம் செய்பவரின் கூலி அல்லாஹ்விடம் உள்ளதென்று 'அஷ்ஷூரா' அத்தியாயம் கூறுகின்றது. தாயிஃபில் துன்புற்றுத் திரும்பிய நாயகம் (ஸல்) அவர்கள், மலைகளுக்குரிய வானவர் வந்து அனுமதி கேட்டபோதும், அம்மக்களின் சந்ததியினர் அல்லாஹ்வை வணங்குவோராய் வரக்கூடும் என்றே நம்பினார்கள். மன்னிப்பு உயர்ந்த படி, கட்டாயப் படியன்று. அதில் ஏறும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கே உரியது. அவரை அதில் ஏற்றிவிட அநீதியிழைத்தவருக்கோ, அவருடைய உறவினருக்கோ உரிமையில்லை.

துஆ கேட்டோம் என்பதற்காக ஜமாஅத்திலும் நீதிமன்றத்திலும் நம் உரிமையைக் கேளாதிருக்க வேண்டியதில்லை. பங்கு மறுக்கப்பட்ட சகோதரி பத்திரத்தோடு சென்று வழக்குரைப்பதும், இரவில் எழுந்து இறைஞ்சுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

ஒன்று மட்டும் வேண்டுவோம். எதிரியைக் குறித்து முறையிட ஏந்தும் இவ்விரு கைகளிலும் பிறருடைய பங்கோ கூலியோ தங்கியிருக்கின்றதா என்று ஏந்துவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்வோமாக. நம்மைக் குறித்தும் எங்கோ ஓர் இல்லத்தில் ஒருவர், "அல்லாஹ் கேட்பான்" என்று சொல்லியிருக்கக் கூடும். அவனோ, இரு முறையீடுகளையும் கேட்பவன்.