முந்தும் பொறி

விரைவை விரும்பாத இளமை இல்லை. பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த இளைஞர் பலருக்கு அவ்விரைவின் முதற்சுவையை ஊட்டியது மோட்டார் சைக்கிளே. விடியுமுன் பால்மரம் வெட்டத் தந்தையைச் சுமந்து சென்ற ஹோண்டா சி 70, மாலையில் மகனின் கைக்கு வந்தது. 72 சி.சி. கொண்ட அச்சிறு வண்டியைக் கப்சாய் என்றே ஊரார் அழைத்தனர். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்டபோது, ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் பிழைப்புத் தேடிச் சென்றோருள் சிலருக்குப் பட்டறையே பள்ளியாயிற்று. அங்கே அவர்கள் கற்ற நுட்பங்களுள் ஒன்று, ‘டைமிங்கை முன்னே தள்ளுவது’.

அதன் பொருள் யாது? சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலேறி, பெட்ரோல் கலந்த காற்றை அமுக்குகிறது. பிளக்கில் தோன்றும் பொறி அதனைக் கொளுத்துகிறது. பிஸ்டன் உச்சியை அடைந்த பின் பொறி பிறந்தால் போதும் என்று தோன்றலாம். ஆனால் தீ பரவுவதற்கும் நேரம் வேண்டும். பிஸ்டன் உச்சியைக் கடந்து, கிராங்க் ஏறத்தாழ 15 பாகை திரும்பிய நிலையில் அழுத்தம் மிகுந்தால்தான் முழுப் பயன் விளையும். நிமிடத்திற்கு 6,000 முறை சுழலும் எஞ்சினில், வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்குள் கிராங்க் 36 பாகை திரும்பிவிடுகிறது. ஆகவே பொறி முந்தியே ஆக வேண்டும். எவ்வளவு முந்த வேண்டும் என்பதே வினா.

பாயிண்ட் வைத்த பழைய சி 70 வண்டியின் காந்தச் சக்கரத்தில் ‘டி’, ‘எஃப்’ என இரு குறிகள் உண்டு. முன்னது பிஸ்டனின் உச்சியையும், பின்னது பொறி பிறக்கும் இடத்தையும் காட்டும். பாயிண்டின் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். அதனைச் சற்றே கூட்டினால் பாயிண்ட் முன்னதாகத் திறக்கும், பொறியும் முந்தும். அளவுகருவி இல்லாதோர் சிகரெட்டுத் தாளை இடையே செருகி, அது நழுவும் கணத்தைக் கொண்டு திறப்பை அறிந்தனர். ஏட்டில் படியாத கைகள் அடைந்த இத்திறம் பாராட்டத்தக்கது.

தொழிற்சாலை வகுக்கும் அளவு, பலவகை எரிபொருளுக்கும் வெப்பத்துக்கும் ஈடுகொடுக்குமாறு சிறிது அடக்கமாகவே இருப்பதுண்டு. எனவே ஓரிரு பாகை முந்தினால் சில வண்டிகளில் இழுவை கூடும். அந்த ஓரிரு பாகையோடு ஆசை நிற்பதில்லை என்பதே இடர்.

பொறி அளவுக்கு மீறி முந்தினால், ஏறிவரும் பிஸ்டனைத் தீ எதிர்த்துத் தள்ளுகிறது. எஞ்சிய கலவை வெம்மையும் அழுத்தமும் தாளாமல் தானே வெடிக்கிறது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில், இருவரைச் சுமந்து திணறும் வண்டியில் ‘கிண் கிண்’ என்று கேட்கும் ஒலி அதுவே. மலேசியாவில் 2009ஆம் ஆண்டு 92க்கு மாற்றாக வந்த ஆக்டேன் 95 பெட்ரோல் அவ்வெடிப்பைச் சற்றே தாங்கும்; அடியோடு தடுக்காது. அவ்வொலியைக் கேளாதவர்போல் ஓட்டினால் பிஸ்டனின் தலை உருகித் துளைபடும். சில வேளைகளில் அது சூட்டில் விரிந்து சிலிண்டரில் இறுகிக்கொள்ளும். அப்போது பின்சக்கரம் பூட்டிக்கொண்டால், ஓட்டியவன் சாலையில் வீசப்படுவான். அவன் உயிர் தப்பினாலும், மறுநாள் விடியலில் நிரைக்குச் செல்லத் தந்தைக்கு வண்டி இராது.

அத்தந்தையின் தொழிலிலேயே இதற்குரிய பாடம் இருந்தது. மரத்தில் பாலின் அழுத்தம் மிகுந்திருப்பது விடியலில்தான் என்பதால் அவர் வெயிலை முந்தினார். பால்கத்தி ஆழமாகச் சென்றால் அன்றைக்குப் பால் கூடும் என்பதும் அவர் அறிந்ததே. ஆயினும் பட்டைக்கடியில் உள்ள வளர்படையைத் தொடாமல், ஒரு மில்லிமீட்டர் அளவேனும் விட்டுவைத்தே வெட்டினார். அதனைக் காயப்படுத்தினால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னர் அங்கே கத்தி ஓடாது.

பதறிய காரியம் சிதறும் என்பார்கள். ஆனால் ‘தொடாதே’ என்று அதட்டுவதால் இளைஞனின் கை நிற்பதில்லை. பொறி ஏன் முந்துகிறது, எங்கே நிற்க வேண்டும் என்பதை அவனுக்கு விளங்கும் தமிழில் எடுத்துரைத்தால், அவனே அவ்வொலிக்குச் செவிசாய்ப்பான். தளர்த்திய திருகைத் தானே பழைய குறிக்குக் கொண்டுவந்து முடுக்குவான்.