காசு சேர்க்கக் காசு ஏது?

பழங்காசு சேர்ப்பது செல்வர்க்குரிய பொழுதுபோக்கு என்றே பலரும் கருதுகின்றனர். ஆதலால், மதரஸாவில் ஓதிக்கொடுத்து ஊதியம் பெறும் ஒருவனது வீட்டில் முந்நூறுக்கு மேற்பட்ட நாணயங்களைக் காண்போர் முகத்தில் முதலில் வியப்பும், அதனையடுத்து ஒரு வினாவும் தோன்றும். பெரியவர்கள் அவ்வினாவை விழுங்கிக்கொள்வார்கள், பிள்ளைகள் கேட்டுவிடுவார்கள். "காசு சேர்க்க உங்களுக்குக் காசு ஏது ஹஜ்ரத்?" என்று என் மாணவன் ஒருவன் அண்மையில் கேட்டான். நியாயமான கேள்விதான். அவனுக்குச் சுருக்கமாகச் சொன்ன விடையை இங்கே விரித்துச் சொல்கிறேன். அவனிடம் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து.

நான் பிறந்தது புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர். வீரமாமுனிவர் பணிபுரிந்த இடமென்று போற்றப்படும் பழைய மாதா கோயிலால் பெயர் பெற்ற ஊர் அது. ஈஸ்டரையொட்டி அங்கு நடைபெறும் தேர்த் திருவிழாவில் எல்லாச் சமயத்தாரும் கூடுவர். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, அத்திருவிழாவில் மிட்டாய் வாங்கிக்கொள்ளுமாறு என் அத்தா என் கையில் நாலணா வைத்தார். மிட்டாய்க் கடையை நோக்கி ஓடியவன், பழைய பித்தளைச் சாமான்களைச் சாக்கில் பரப்பி வைத்திருந்த ஒரு முதியவர் முன்னே நின்றுவிட்டேன். அவற்றினிடையே சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய செப்புக் காசு ஒன்று கிடந்தது. ஒரு புறம் அமர்ந்த கோலத்தில் ஓர் உருவம். மறுபுறம் எனக்குப் புரியாத எழுத்து. நாலணாவைக் கொடுத்து அதை வாங்கி வந்தேன்.

வீட்டில் பாட்டியார் அதைக் கண்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். "நாலணாவுக்கு எண்பது அம்மன் காசு வருமே, தங்கம்! நீ ஒன்றே ஒன்றோடு வந்து நிற்கிறாயே!" என்றார்.

பாட்டியார் கணக்கு சரியானது. புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர்கள் வெளியிட்ட அம்மன் காசு, அணாவுக்கு 20, ரூபாய்க்கு 320 என்ற கணக்கில் வழங்கியது. திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளின் உருவம் ஒரு பக்கமும், 'விஜய' என்னும் சொல் தெலுங்கு எழுத்தில் மறுபக்கமும் பொறிக்கப்பட்டிருக்கும். நவராத்திரி நாட்களில் அரிசியோடு அக்காசையும் மக்களுக்குத் தானமாக வழங்குவது அந்தச் சமஸ்தானத்தின் வழக்கம். 1948 மார்ச் 3ஆம் நாள் புதுக்கோட்டை இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. காசின் காலமும் முடிந்தது. நான் அன்று கொடுத்த இருபத்தைந்து பைசாவும் 2011 ஜூன் மாத இறுதியில் செல்லாக் காசாயிற்று. இன்று இரண்டும் என் பெட்டியில் அருகருகே உறங்குகின்றன.

இனி வரவுக் கணக்கு. ஓதிக்கொடுப்பவனின் ஊதியம் உலகறிந்தது. மணமான புதிதில் ஒரு மாதம், கடைத்தெருவில் கண்ட இரண்டு காசுகளுக்காக மளிகைப் பணத்தில் கைவைத்தேன். என் இல்லாள் சண்டையிடவில்லை. "உங்கள் காசு சாப்பிடாதுங்க; நம் பிள்ளைகள் சாப்பிடுவார்கள்" என்று மட்டும் சொன்னாள். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்ற பழமொழியின் பொருள் அன்றுதான் விளங்கிற்று. அன்றாடம் கடையில் குடித்து வந்த இரண்டு தேநீரில் ஒன்றை நிறுத்தினேன். அந்தப் பணம் ஒரு பழைய பால்மாவு டப்பாவில் விழத் தொடங்கியது. டப்பாவில் உள்ளது மட்டுமே காசுக்கு. டப்பா காலியென்றால் கடைத்தெருவில் கண்ணை மூடிக்கொண்டு நடக்க வேண்டும் என்பது எனக்கு நானே விதித்துக்கொண்ட சட்டம்.

ஆயினும் தேநீர்க் காசு எவ்வளவு தூரம் போகும்? எனக்குப் பெரிதும் கைகொடுத்தது நான் கற்ற கல்வியே. தமிழகத்துப் பழங்காசுகளில் அரபி, பார்சி எழுத்துப் பொறித்தவை ஏராளம். பதினான்காம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட மஅபர் சுல்தான்களின் செப்புக் காசுகள், ஆற்காட்டு ரூபாய், திப்பு சுல்தானின் யானை பொறித்த செப்புக் காசு ஆகியன அவற்றுட் சில. சேகரிப்போரில் பலர் இவற்றை வைத்திருப்பர். ஆனால் படிக்க அறியார். படித்துக் கொடுக்குமாறு என்னிடம் வரத் தொடங்கினர். கூலியாகத் தம்மிடம் இரட்டையாக உள்ள காசொன்றைக் கொடுத்துச் செல்வர்.

ஒருமுறை வியாபாரி ஒருவர் ஆற்காட்டு ரூபாய் ஒன்றைக் காட்டி, "ஹிஜ்ரி 1172 என்று போட்டிருக்கிறதாம், ஆங்கிலக் கணக்கில் 1758 அல்லது 59. அந்த ஆண்டுக் காசென்று சொல்லி விற்கலாமா?" என்றார். கிழக்கிந்தியக் கம்பெனியார் இரண்டாம் ஆலம்கீர் பாதுஷாவின் பெயரையும், ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு 6 என்ற குறிப்பையும் மாற்றாமலே, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கம் வரையில் அக்காசை அடித்து வந்தனர். பாதுஷா மறைந்த பின்னும் காசில் அவர் ஆட்சி முடியவில்லை! இதனை விளக்கியதும் வியாபாரியின் முகம் சற்று வாடியது. ஆயினும் பொய் சொல்லி விற்கவிடாமல் காத்ததற்காக மஅபர் செப்புக் காசு ஒன்றை எனக்குப் பரிசளித்தார்.

எழுத்தறிவு தரும் இன்பம் வேறு. நாம் ஓதும் கிதாபுகளில் வரும் தீனார் என்னும் சொல் ரோமரின் தெனாரியசிலிருந்தும், திர்ஹம் கிரேக்கரின் திராக்மாவிலிருந்தும் வந்தவை. புதுக்கோட்டைச் சீமையிலேயே, கருக்காக்குறிச்சியில், 1898இல் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரு புதையலாகக் கிடைத்தன. அவற்றில் மிகப் பலவற்றின் மேல் உளியால் வெட்டிய வடு இருந்தது. கிதாபில் சொல்லாக வந்து சேர்ந்த ரோம், எங்கள் சீமை மண்ணில் பொன்னாகவும் கிடந்தது என்று எண்ணும்போது உள்ளம் சிலிர்க்கிறது.

அறிவு வரவைத் தந்தது போலவே கட்டுப்பாட்டையும் தந்தது. வெள்ளிக்கு வெள்ளி மாற்றுவதாயின் எடைக்கு எடை, கைக்குக் கை என்பது நம் மார்க்கச் சட்டம். அரிய வெள்ளிக் காசு ஒன்றுக்கு எளிய வெள்ளிக் காசு இரண்டு என்று மாற்றுவது சேகரிப்போரிடையே சாதாரணம், எனக்கோ ஆகாது. ஆகவே என்னுடையதை ரூபாய்த் தாளுக்கு விற்று, அத்தாளைக் கொண்டு வேண்டியதை வாங்குவேன். ஜகாத்தும் உண்டு. வெள்ளியின் நிஸாப் ஐம்பத்திரண்டரைத் தோலா. பழைய வெள்ளி ரூபாயின் எடை சரியாக ஒரு தோலா. என் பெட்டியில் வெள்ளி ரூபாய் ஐம்பத்து மூன்றைத் தொட்ட ஆண்டில், நாற்பதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டியவன் ஆனேன். காசை வாங்கத்தான் காசு வேண்டும் என்றிருந்தவனுக்கு, வைத்திருக்கவும் காசு வேண்டியதாயிற்று! இரட்டைக் காசுகள் இரண்டை விற்று அக்கடமையை நிறைவேற்றினேன்.

இத்தனை சட்டம் அறிந்தவன் இடறிய கதையைத்தான் மாணவனிடம் சொல்லாமல் விட்டேன்.

2009ஆம் ஆண்டு. அப்போது நான் ஓதிக்கொடுத்து வந்த ஊரில், ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் உண்டியலை எண்ணும் மூவரில் நானும் ஒருவன். ஒரு வெள்ளியன்று சில்லறைக் குவியலில் விக்டோரியா மகாராணியின் முகம் பொறித்த 1862ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் ஒன்று கிடந்தது. எந்த மூதாட்டி முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்து அனுப்பியதோ! என்னிடம் அந்த ஆண்டுக் காசு இல்லை. பத்து ரூபாய்த் தாளைக் குவியலில் வைத்து அதை எடுத்துக்கொண்டேன். "எடுத்துக்கொள்ளுங்கள் ஹஜ்ரத், ஒரு ரூபாய்க்குப் பத்து ரூபாய் பள்ளிக்கு லாபம்தானே!" என்று முதவல்லி சிரித்தார். அதிலுள்ள வெள்ளியின் விலை மட்டுமே அன்று இருநூறு ரூபாய்க்கு மேல் என்பதை அம்மூவரில் நான் ஒருவனே அறிவேன்.

மறுநாட் காலை பாடம், அனாதையின் சொத்தைக் காப்பவன் அதனை உரிய விலைக்குக் குறைத்துத் தானே வாங்கிக்கொள்ளலாகாது என்பது. நன்றாகவே விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு சிறுவன் எழுந்து, "வக்ஃபுச் சொத்துக்கும் இதே சட்டம்தானா ஹஜ்ரத்?" என்றான். அவன் ஒன்றும் அறியான், பாடத்தைத்தான் கேட்டான். "ஆம்" என்ற ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு வெகுநேரம் பிடித்தது.

பாடம் முடிந்ததும் முதவல்லியின் வீட்டுக்குச் சென்று காசை அவர் முன்னே வைத்து உண்மையைச் சொன்னேன். அவர் நெடுநேரம் என்னைப் பார்த்தார். "நீங்கள் சொல்லாவிட்டால் எங்களுக்குத் தெரியவே தெரியாதே" என்றார். "அதனால்தான் சொல்ல வந்தேன்" என்றேன். அடுத்த ஜும்ஆவுக்குப் பின் அக்காசு ஏலம் விடப்பட்டது. நானும் கேட்டேன். டப்பாவில் இருந்தது முந்நூற்றைம்பது, அதுவரையில் சென்றேன். வெளியூர் வணிகர் ஒருவர் நானூறுக்கு எடுத்துக்கொண்டார். வெறுங்கையோடு வீடு திரும்பினேன். அன்றிரவு நன்றாக உறங்கினேன்.

1862ஆம் ஆண்டு ரூபாய் அரிதன்று. பிறகு பலமுறை என் விலைக்கே வந்தது, நான் வாங்கவில்லை. என் பெட்டியில் 1862க்குரிய குழி இன்றும் காலியாக இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சிறுவனின் குரல் கேட்கும். சில ஆண்டுகள் கழித்து விதவைத் தாயொருத்தி ஏழு வெள்ளி ரூபாய்களைத் துணியில் முடிந்து கொண்டு வந்து, "ஆளுக்கு நூறு வைத்தாலும் போதும்" என்றபோது, எடை போட்டு விலை சொல்லி, இரண்டு கடைகளில் விசாரித்த பின்னரே விற்குமாறு அனுப்பி வைத்தேன். அந்தக் குழிதான் எனக்கு அன்று அறிவுரை சொன்னது.

பழைய ஐந்து ரூபாய்த் தாளுக்கு இலட்சம் கிடைக்கும் என்று ஆசை காட்டுவோர் பெருகியுள்ள காலம் இது. தன் பெயரைச் சொல்லி அவ்வாறு ஏமாற்றுவோரை நம்ப வேண்டாமென்று ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்தது. அந்த ஆசைக்கும், பத்து ரூபாய்க்கு நான் எடுத்த காசுக்கும் பெரிய வேறுபாடில்லை. ஒருவர் அறியாமையே இரண்டிலும் மூலதனம்.

தமிழில் காசுக்கும் நாணயம் என்று பெயர். நேர்மைக்கும் நாணயம் என்று பெயர். இப்படிப் பெயர் வைத்தவர்கள் கடைத்தெருவை நன்கு அறிந்தவர்களாக இருக்க வேண்டும். காசு சேர்க்கக் காசு ஏது என்று கேட்ட பிள்ளைக்கு என் விடை இதுதான்: ஒரு கோப்பைத் தேநீரும் ஓரளவு எழுத்தறிவும் போதும் தம்பி, மற்றது வரும்போது வரும். வராத காசுக்கு ஒரு குழியைக் காலியாக விட்டு வை. மறுமையில் கணக்குக் கேட்கப்படும் நாளில், நிறைந்த குழிகளைவிட அந்தக் காலிக் குழியே எனக்குச் சாட்சியாக வர அல்லாஹ் அருள்வானாக.