கொழுந்து பதமாயிருச்சான்னு யாருக்குத் தெரியும்?

2022 நவம்பர்ல, நாடு திவாலாகிக் கிடந்த நேரம், அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 2023ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை வாசிச்சார். அதுல ஒரு யோசனை: ஏற்றுமதிக்காகக் கஞ்சா வளர்க்கலாமா என்று ஆராய ஒரு நிபுணர் குழு. 1929ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால தடை செய்யப்பட்ட செடி, ஆயுர்வேத மருந்துக்கு மட்டும் ஒரு சின்ன வாசல் திறந்திருந்த செடி, திடீர்னு டொலர் கொண்டுவரப் போற செடியாகிருச்சு. இராஜாங்க அமைச்சரா இருந்த டயானா கமகே அதற்கு முன்னாலேயே பாராளுமன்றத்துல இதைப் பேசிக்கிட்டுத்தான் இருந்தார். அப்போ நாங்க ஸ்கூல்ல. இப்போ கெம்பஸ்ல, கலைப்பீடத்துல, ஹொஸ்டல் அறைக்குள்ள அதே பேச்சு இன்னும் ஓயல. தேயிலைக்குப் பதிலா இதை நட்டா என்ன என்று யாராவது ஒருத்தர் ஆரம்பிப்பாங்க, இன்னொருத்தர் சிரிப்பாங்க.

அந்தச் சிரிப்புக்கு நடுவுலதான் வெளிநாட்டுல அனுமதி வாங்கி அறைக்குள்ள கஞ்சா வளர்க்கிற ஒரு பண்ணையைப் பற்றிய வீடியோ பார்த்தோம். சூரியனுக்குப் பதிலா விளக்கு. வெளிச்ச நேரத்தைக் குறைச்சா செடி இலையுதிர் காலம் வந்துருச்சுன்னு நம்பிப் பூக்குதாம். அப்புறம் ஒரு ஆள் லென்ஸோட வந்து, பூவுல இருக்கிற பிசின் துளிகளைப் பார்க்கிறார். கண்ணாடி மாதிரி தெளிவா இருந்தா இன்னும் நாள் இருக்கு, பால் நிறமானா கிட்டத்துல வந்துருச்சு, தேன் நிறம் கூடினா முற்றுது. சில நாள் முந்தினாலும் பிந்தினாலும் சரக்கோட குணமே மாறிருமாம். அந்த ஆளுக்கு ஒரு பதவி இருக்கு, வெள்ளைக் கோட் இருக்கு, அவர் சொல்லாம அங்க கத்தரி எடுக்க மாட்டாங்க. "இதைத்தான எங்கம்மா லென்ஸ் இல்லாம செய்றாங்க"ன்னு எங்கள்ல ஒருத்தி, ஹட்டன் பக்கத்துக்காரி, சொன்னா. அன்னைக்குக் கஞ்சாப் பேச்சு அதோட நின்னுச்சு. நாங்க அம்மாக்களைப் பற்றிப் பேச ஆரம்பிச்சோம்.

ரெண்டு இலையும் ஒரு மொட்டும். தேயிலைப் பெட்டியில படமா போடுறது, சுற்றுலாக்காரங்களுக்குச் சொல்றது எல்லாம் அதுதான். ஆனா மலையில நின்னு பார்த்தா அது அவ்வளவு லேசான கணக்கு இல்ல. ஒரே செடியில ஒரு கொழுந்து இன்னைக்குப் பதம், பக்கத்துல உள்ளது மூணு நாள் கழிச்சுப் பதம், அதுக்குக் கீழ உள்ளது போன சுற்றுலயே விட்டுப்போய் முற்றினது. கண்ணு பார்க்கிறதுக்கு முன்னால விரல் முடிவெடுக்குது. தண்டு டக்குன்னு முறிஞ்சா பதம். வளைஞ்சு நார் இழுத்தா முற்றிப்போச்சு. மட்டக்கம்பைச் செடி மேல வச்சுப் பார்த்து, மட்டம் தாண்டி வந்ததை எடுக்கணும், மட்டத்துக்குக் கீழ உள்ள தாய் இலையைத் தொடக் கூடாது. அதைத் தொட்டா அடுத்த சுற்றுக்குச் செடிகிட்ட தெம்பு இருக்காது. இத்தனையும் ரெண்டு கையும் தனித்தனியா ஓடிக்கிட்டிருக்கும்போதே நடக்குது, முதுகுல கூடை, இடுப்புல படங்கு, கால்ல அட்டை.

பிறகு மொட்டே இல்லாத கொழுந்து ஒண்ணு இருக்கு. நுனி வளராம அடங்கிப்போய், இலை தடிச்சு நிற்கும். ஆராய்ச்சிக்காரங்க அதுக்கு 'பஞ்சி'ன்னு பேர் வச்சிருக்காங்க. எங்க யாழ்ப்பாண நண்பர்களுக்கு இதைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க, அவங்க ஊர்ல பஞ்சின்னா சோம்பல். வட இந்தியப் பக்கம் மலட்டுத்தன்மையைக் குறிக்கிற சொல்லுல இருந்து வந்த பேராம் அது. எங்களுக்கு யாழ்ப்பாண அர்த்தமே பிடிச்சிருக்கு. செடி மலடாகல, கொஞ்ச நாள் ஓய்வெடுக்குது, பிறகு துளிர்க்கும். அதை எப்போ கிள்ளி எறிஞ்சா அடுத்த துளிர் சீக்கிரம் வரும்னு எங்க அம்மாயிக்குத் தெரியும். தலவாக்கலை சென். கூம்ஸ்ல இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கும் தெரியும், 1925ல தொடங்கின நிறுவனம் அது. அம்மாயிகிட்ட யாரும் வந்து கேட்டதா எங்களுக்குத் தெரியல.

ஆனா எந்த மலைக்கு எந்த நாள் போகணும்ங்கிறதை அம்மாயி தீர்மானிக்கிறதில்ல. அதுக்குப் பேர் சுற்று. சூடு இருக்கிற காலத்துல கொழுந்து சீக்கிரம் விரியும், ஏழு எட்டு நாள்ல திரும்பிப் போகணும். நுவரெலியா குளிர்ல அது நீளும். காலையில பெரட்டுல நின்னா ஒவ்வொருத்தருக்கும் நிறை பிரிச்சுக் கொடுப்பாங்க. இந்த மலை இன்னும் ரெண்டு நாள் கிடக்கலாம்னு அந்த வரிசையில நிற்கிற பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். சொல்ற வழக்கம் இல்ல. ஆள் பற்றாம சுற்று பிந்திப்போய்ப் பன்னிரண்டு, பதினாலு நாள் ஆன மலையிலயும் அதே கூடைதான், அதே கிலோதான்.

இனி கிலோவுக்கு வருவோம். 2021 மார்ச்ல சம்பளச் சபை மூலமா நாட்கூலி ஆயிரம் ரூபாயாச்சு. 2024 செப்டெம்பர்ல வர்த்தமானிப்படி அடிப்படை 1,350. இந்த எண்களைச் செய்தியில எல்லாரும் கேட்டிருப்பீங்க. செய்தியில வராத எண் பதினெட்டு. எங்க தோட்டத்துல முழுப்பேர் விழ அத்தனை கிலோ எடுக்கணும், சில இடத்துல இருபது. குறைஞ்சா அரைப்பேர். (சம்பள நாளைப் பேர்னு சொல்ற ஒரே ஜனம் நாங்களாத்தான் இருப்போம். பேரையே பாதியாக்கினா எப்படி இருக்கும்னு கம்பெனிக்காரங்க யோசிச்சுப் பார்க்கல.) மடுவத்துல தராசு போடும்போது சாக்குக்கு, ஈரத்துக்குன்னு கழிக்கிறது தனிக் கதை.

இப்போ காலத்தைப் பாருங்க. ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கம் எல்லாம் திம்புள வலயம். அங்க நல்ல தேயிலை வர்ற காலம் ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும். பகல்ல வெயில், ராத்திரியில குளிர், காய்ஞ்ச காற்று. செடி மெதுவா வளரும், மெதுவா வளர்ற கொழுந்துல வாசம் ஏறும். 1883லயிருந்து நடக்கிற கொழும்பு ஏலத்துல அந்த மாசத்துத் தேயிலைக்குத்தான் வாங்குறவங்க நல்ல விலை சொல்லுவாங்க. அதே மாசத்துல செடியில கொழுந்து இருக்காது. நாள் முழுக்க மலையில ஏறி இறங்கினாலும் பத்து, பன்னிரண்டு கிலோ தேடுறதே பெரும்பாடு. உலகத்துலயே மணமான கொழுந்தைக் கையால எடுக்கிற நாள்லதான் எங்க வீட்டுல அரைப்பேர். ஏப்ரல், மே மழையோட கொழுந்து பொங்கி வரும், கூடை நிறையும், முழுப்பேர் விழும், கிலோ கொழுந்துக்காசும் வரும், அந்தத் தேயிலைக்கு ஏலத்துல அவ்வளவு மரியாதை இல்ல.

இதை நாங்க முதல்ல பொருளியல் படிக்கிற ஒரு நண்பன்கிட்ட சொன்னப்போ அவன் நம்பல. தரத்துக்குக் காசு வாங்கிக்கிட்டு எடைக்குக் காசு கொடுக்கிறாங்களான்னு திருப்பிக் கேட்டான். ஆமா, அப்படித்தான். தேயிலைச் சபைகூட 'பி-60'னு ஒரு திட்டம் வச்சிருக்கு, தொழிற்சாலைக்கு வர்ற கொழுந்துல நூற்றுக்கு அறுபது பங்காவது நல்லதா இருக்கணுமாம். நல்லது எதுன்னு தெரிஞ்ச விரலுக்கு அதனால ஒரு சதம் கூடுதலா வந்ததை நாங்க பார்க்கல. பதினெட்டை எட்டணும்னா விரல் தனக்குத் தெரிஞ்சதை மறக்கணும். முற்றின இலையும் எடைதான். சாயந்தரம் நாலு மணிக்குக் கூடையில ரெண்டு கிலோ குறையும்போது நார் இழுக்கிற தண்டையும் சேர்த்துப் பிடுங்குறதைக் குத்தம்னு சொல்ல எங்களால முடியாது.

தொழிற்சாலைக்குள்ள போனா நிலைமை வேற. அங்கயும் பதம் பார்க்கிறதுதான் வேலை, நாலு சுவருக்குள்ள. கொழுந்தை மேல் மாடியில பரப்பிக் காற்று விட்டு ராத்திரி முழுக்க வாட்டுறாங்க. வாடினது போதுமான்னு ஒரு பிடி அள்ளி உருட்டிப் பார்ப்பாங்க, கையைத் திறந்ததும் உருண்டை மெதுவா விரிஞ்சா சரி. அரைச்ச பிறகு இலை செம்பு நிறமாகி, பச்சை வாடை போய் ஒரு பழ வாசம் வர்ற நிமிஷத்துல அடுப்புக்குப் போடணும். பிந்தினா தேத்தண்ணி சப்புன்னு போயிரும். அதை மூக்கால பிடிக்கிறவர் 'டீமேக்கர்'. அவருக்கு குவார்ட்டர்ஸ் இருக்கு, மாசச் சம்பளம் இருக்கு. அவர் திறமைசாலிதான், அதுல எங்களுக்குச் சந்தேகமே இல்ல. ஆனா மலையில முற்றிப்போன கொழுந்தை எந்த மூக்காலயும் திரும்ப இளசாக்க முடியாதுன்னு அவரே சொல்லுவார்.

2021ல இரசாயன உரத்தைத் தடை செஞ்சப்போ கொழுந்து மஞ்சளாப் போனதை முதல்ல பார்த்ததும் மலையில நின்னவங்கதான். அது பத்திரிகையில வர நாளாச்சு.

இப்போ சில தோட்டங்கள்ல புது முறை வந்திருக்கு. ஒரு குடும்பத்துக்கு இத்தனை செடின்னு பிரிச்சுக் கொடுத்துருவாங்க. பார்த்துக்கிறது அவங்க, கொழுந்தைத் தோட்டத்துக்கே கிலோ விலைக்குக் கொடுக்கணும். கம்பெனிகளுக்கு இதுல ஆசை அதிகம், ஏன்னா ஈ.பி.எஃப்.பும் நாட்கூலியும் தலையில இருந்து இறங்கும். தொழிற்சங்கங்கள் சந்தேகமா பார்க்கிறதுக்கும் அதுதான் காரணம். எங்களுக்கும் அந்தச் சந்தேகம் இருக்கு. காணி உறுதி கிடையாது, மழை பெய்யாட்டி நட்டம் குடும்பத்துக்கு.

ஆனாலும் இராகலைப் பக்கம் எங்கள்ல ஒருத்தனோட அம்மா அப்படிச் செடி எடுத்திருக்காங்க. போன லீவுக்கு அவன் போயிருந்தப்போ பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் ஏழாம் நாள் கூடையைத் தூக்கிட்டாங்க. அவன் அம்மா போகல. கவ்வாத்து முடிஞ்சு எழும்பின செடி, இன்னும் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. ஒன்பதாம் நாள் காலையில ஒரே ஒரு செடிகிட்ட நின்னு, நாலஞ்சு கொழுந்தை முறிச்சுப் பார்த்தாங்களாம். "நாளைக்கு வர்றோம்பா"ன்னு சொல்லிட்டு, வெறும் கூடையோட வீட்டுக்கு நடந்தாங்க. யாருகிட்டயும் கேட்கல.